ஆவுடை ஆடுகிறாள்

வடிவம்மாளின் மடத்தில் காலைப் பாட்டுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பாடுகிறவர் பாடலாம். கேட்கிறவர் அசையக் கூடாது.

தாளம் போடக் கூடாது. தலையாட்டக் கூடாது. 'ஆகா' என்று வாயைத் திறக்கக் கூடாது. தொடையில் ஒற்றை விரல் தட்டினாலும் குற்றம்தான். யாராவது அசைந்தால் பின்னாலிருந்து ஒரு கை வந்து தோளைத் தொடும். தொடப்பட்டவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதில் கோபதாபம் கிடையாது. மறுநாள் வந்து மறுபடி உட்காரலாம். மடத்தைத் தொடங்கிய பழைய சாமியார் செய்துவைத்த ஏற்பாடு இது. ஏன் இப்படி என்று அவர் இருக்கும்போதே யாராவது கேட்டுவைத்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.

தோளைத் தொடும் அந்தக் கை நயினாருடையது.

ஆறுமுகநயினார் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். வயது அறுபத்திரண்டு. மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. வரும்போது விசிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது.

அவருடைய குருவான வடிவம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயதுதான். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டியவர். பழைய சாமியார் கண்மூடும் முன் அவரைத்தான் தன் இடத்தில் உட்கார வைத்தார். வடிவம்மாள் நயினாரை 'அண்ணாச்சி' என்பார். நயினார் அவரை 'அம்மா' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.

மண்டபத்தில் பாய் விரிப்பது, யார் எங்கே உட்காருவது, யாரை எழுப்பி அனுப்புவது எல்லாம் நயினார் பொறுப்பு. அம்மா அதில் தலையிடுவதே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, உலகம்மாள் என்ற பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள். மகளின் பெயர் ஆவுடை. வயது முப்பத்தொன்று.

"பத்து நாள் இருந்துட்டுப் போறோம் அய்யா. இவளுக்குப் பாட்டுன்னா உயிரு. ரேடியோ பாடினாத்தான் சோறு இறங்கும். நேர்ல பாடுதத ஒருநாளாவது முழுசா உக்காந்து கேக்கட்டும்னு எனக்கு ஒரு ஆசை. எங்க போனாலும் பாதியில எழுப்பி விட்டுருதாவ."

"ஏன் எழுப்புதாவ?" என்றார் நயினார்.

"ஆடுவா அய்யா."

"எதுக்கு ஆடுவா?"

"டாக்டரு ஆட்டிசம்னு சொன்னாவ. பிறவியிலயே அப்படித்தானாம். ஊருல கோட்டி, பைத்தியம்ங்காவ. இவ யாரையும் ஒண்ணும் செய்யமாட்டா அய்யா. ஆடுவா, அவ்வளவுதாம்."

நயினார் ஆவுடையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஆடக் கூடாது. சொல்லி வைங்க."

"சொல்லுதேன் அய்யா," என்றாள் உலகம்மாள். முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்தவளின் குரல் அது.

மறுநாள் காலை வடிவம்மாள் பாட ஆரம்பித்தார். முதல் அடி முடிவதற்குள் ஆவுடை ஆடத் தொடங்கிவிட்டாள். உட்கார்ந்தபடியே, இடுப்புக்கு மேலே முன்னும் பின்னுமாக. வலது கை விரல்கள் காதருகே படபடத்தன. தொண்டையில் ஒரு முனகல். பாட்டோடு சேர்ந்ததாகவும் சொல்ல முடியாது, சேராததாகவும் சொல்ல முடியாது.

நயினார் வந்தார். தோளைத் தொட்டார்.

ஆவுடை வீறிட்டுக் கத்தினாள்.

அந்த மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது பேரும் அசைந்துவிட்டதால் இனி யாரை வெளியே அனுப்புவது என்று நயினாருக்கு விளங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. உலகம்மாள் மகளை வெளியே கூட்டிப் போனாள். வடிவம்மாள் பாட்டை நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்ததும் நயினார் துவைக்கிற கல்லுக்குப் போனார். அம்மா அங்கே சேலை அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்தப் பிள்ளைய உள்ள விடவா, வேண்டாமா?"

"மண்டபம் யாரு பொறுப்பு?"

"எம்பொறுப்பு."

"பெறகு எங்கிட்ட கேக்குதீங்க."

"அசையக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கேம்மா."

"இருக்கு."

"அப்ப வெளிய அனுப்பிரட்டுமா?"

"அனுப்பணும்னா அனுப்புங்க."

"பாவமா இருக்கும்மா."

"அப்ப அனுப்பாதீங்க."

நயினார் நின்றுகொண்டே இருந்தார். அம்மா சேலையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தார்கள். வேட்டி நனைந்ததுதான் மிச்சம். கேள்வி அப்படியே இருந்தது.

மனசு கேட்காமல், ஆவுடைக்குக் கடைசி வரிசையில் வாசலை ஒட்டி இடம் போட்டார். புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் ஆடினாள். அவர் தொடவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. டிரில் மாஸ்டர் அல்லவா, எண்ண ஆரம்பித்தார். பாட்டு எட்டு எட்டாகப் போகிறது. ஆவுடை கொஞ்ச நேரம் அதோடு ஒட்டிப் போகிறாள். பிறகு எங்கேயோ விலகிவிடுகிறாள். சரி, தவறிவிட்டாள் என்று இவர் முடிவுகட்டும் நேரத்தில் திரும்ப வந்து சேர்ந்துகொள்கிறாள். வியாழக்கிழமை எண்ணி எண்ணி அவருக்குத் தலைவலி வந்தது.

முன்வரிசையில் உட்காரும் ஒருவர் வெளியே வந்ததும் நயினாரைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் நான் கொசுவ அடிச்சதுக்கு என்னைய வெளிய அனுப்பினீரு. அந்தப் பிள்ள முழுப் பாட்டுக்கும் ஆடுதா. அதென்னய்யா, ஆளுக்கொரு சட்டமா?"

நயினார் பாய்களைச் சுருட்டப் போனார். கொசுவை நினைத்தும் வருத்தமாக இருந்தது.

அடுத்த நாள் ஆடி வெள்ளி. வெளியூர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இரும்புக்கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து என்பவர் பாட்டு முடிந்த உடனே நேராக வந்து ஆவுடையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆவுடை பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்னவே இது?" என்றார் நயினார்.

"உமக்குத் தெரியலையா? ஆத்தா வந்திருக்கா. ஆடி வெள்ளியும் அதுவுமா. சாமியாட்டம் எப்படி இருக்கும்னு நான் சின்ன வயசுலேருந்து பாத்தவன். அந்த முனங்கலக் கேட்டீரா? மனுசக் குரலா அது?"

"ஆட்டிசம்னு அவ அம்மா சொன்னா."

"டாக்டரு என்னத்தக் கண்டான்!"

நயினாருக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. சாமி என்றால் கட்டுப்பாடு பொருந்தாது. சாமியைத் தோளில் தொட்டு வெளியே போகச் சொல்ல எந்த டிரில் மாஸ்டராலும் முடியாது. கொசுக்காரருக்கும் இனி பதில் சொல்லிவிடலாம். இது முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்தார்.

சனிக்கிழமை காலை ஆவுடை உட்கார மண்டபத்தின் முன்னால் தானே ஒரு மணை போட்டார். மஞ்சள் நீர், வேப்பிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. பேச்சிமுத்து ஆளுயரத்துக்கு ஒரு செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தார்.

"வேண்டாம் அய்யா," என்றாள் உலகம்மாள். "கழுத்துல எது பட்டாலும் அவளுக்கு ஆகாது. ஒரு பாசிமணிகூடப் போட்டதில்ல."

"சாமிக்கு மாலை போடாம எப்படிம்மா?"

"அவ சாமி இல்ல அய்யா. எம்மவ."

நயினார் காதில் அது விழுந்தது, ஆனால் ஏறவில்லை. மாலையை அவரே போட்டார்.

ஆவுடை இரண்டு கையாலும் மாலையைப் பிய்த்தாள். பூ நாலாபக்கமும் சிதறியது. கழுத்தைச் சிவக்கச் சிவக்கச் சொறிந்தாள். அதற்குள் யாரோ ஒரு பெண் முன்னால் வந்து, "எம்மவனுக்கு வேலை கிடைக்குமா, சொல்லு ஆத்தா!" என்று அவள் மடியில் விழுந்தாள். இன்னொருத்தர் மஞ்சள் நீரை முகத்தில் தெளித்தார். ஆவுடை காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

"ஆத்தா கோவமாப் போறா," என்றார் பேச்சிமுத்து பயபக்தியோடு.

அதன்பிறகு ஆவுடை மண்டபத்துப் பக்கமே வரவில்லை. தோட்டத்துக் கடைசியில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். காலையில் பாட்டுச் சத்தம் கேட்டால் அங்கிருந்தும் எழுந்து வேலி வரைக்கும் ஓடினாள். இரண்டு நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை உலகம்மாள் துணிப்பையைக் கட்டிவிட்டாள்.

"பதினோரு மணி பஸ்ஸுக்குப் போறோம் அய்யா."

"பத்து நாள்னு சொன்னீங்களே."

"இருந்து என்ன செய்ய? பாட்டுன்னா உயிரா இருந்த பிள்ள. இப்பம் பாட்டுச் சத்தம் கேட்டா ஓடுதா. வீட்டுல ரேடியோ போட்டாலும் இனி ஓடுவாளோ என்னமோ. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாம் அய்யா."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது நயினாருக்கு. மண்டபத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

வடிவம்மாள் சுருதிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இது நோயா, அருளா?"

"எது?"

"ஆவுடை ஆடுதது."

"நோயின்னா என்ன செய்வீங்க?"

"வெளிய உக்கார வைப்பேன்."

"அருள்னா?"

"முன்னால உக்கார வைப்பேன்."

"ரெண்டும் செஞ்சு பாத்துட்டீங்களே அண்ணாச்சி."

நயினார் மூச்சுவாங்க நின்றார்.

"அப்ப ரெண்டும் இல்லையாம்மா?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"யார்கிட்ட?"

"ஆவுடைகிட்ட."

நயினாருக்கு அப்படி ஒன்று செய்யலாம் என்றே தோன்றியிருக்கவில்லை.

"அவ பேசுவாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் கேக்கலையே," என்றார் வடிவம்மாள். அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. போய்க் கேளுங்க."

நயினார் மோட்டார் ரூமுக்குப் போனார். ஆவுடைக்கு எதிரே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஏம்மா ஆவுடை, நீ எதுக்கு ஆடுத?"

அதையே இன்னும் உரக்கக் கேட்டார். ஆவுடை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படி முன்னால நின்னு மூஞ்சியப் பாத்துக் கேட்டா சொல்லமாட்டா," என்றாள் உலகம்மாள். "பக்கத்துல பைய உக்காருங்க. அவ பாக்குத பக்கமே நீங்களும் பாருங்க. சும்மா இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது தெரியாது அய்யா."

நயினார் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். ஆவுடை தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயைப் பார்த்தாள். அவரும் குழாயைப் பார்த்தார். குழாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தார்.

அப்போது மண்டபத்திலிருந்து பாட்டு கேட்டது. வடிவம்மாள் தனியாகப் பாடினார். மடத்தில் அந்த நேரத்தில் யாரும் பாடியதில்லை.

ஆவுடையின் உடம்பு விறைத்தது. ஓடுவதற்காகப் பாதி எழுந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் வரவில்லை. மாலை இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். முதலில் விரல்கள் அசைந்தன. பிறகு ஆடத் தொடங்கினாள்.

நயினாரின் வலது கை பழக்கத்தில் தானாக எழுந்தது. அதை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தொடாத," என்றாள் ஆவுடை. குழாயைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

நயினார் திடுக்கிட்டார்.

"தொடமாட்டேன்மா."

"நீ தொட்ட."

"ஆமா. தொட்டேன். தப்புதாம்."

"மாலை குத்திச்சு."

"அதுவும் நான் போட்டதுதாம்."

முப்பத்திரண்டு வருஷ வேலையில் ஒருவரிடமும் அவர் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை ஆவுடை பார்க்கவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, குழாயைப் பார்த்தபடியே கேட்டார்.

"எதுக்கும்மா ஆடுத?"

ஆவுடை ஆடிக்கொண்டே இருந்தாள். சொல்லமாட்டாள் என்று அவர் நினைத்தபோது சொன்னாள்.

"ஆடாட்டி பாட்டு இடிக்கும்."

"எங்க இடிக்கும்?"

"இங்க. இங்க. இங்க." தலையை, நெஞ்சை, முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆடினா?"

"ஆடினா இடிக்காது. நல்லாருக்கும்." அப்புறம் அவள் கேட்டாள். "நீ ஆடமாட்டியா?"

"மாட்டேன்."

"இடிக்கலையா?"

நயினார் நாலு வருஷமாகத் தினமும் அந்த மண்டபத்தில் நின்றிருக்கிறார். யாருடைய விரல் அசைகிறது, யாருடைய தலை அசைகிறது என்றுதான் பார்த்திருக்கிறார். பாட்டு தன்னை இடிக்கிறதா, தடவுகிறதா, தன் மேல் படவே இல்லையா என்று அவர் கவனித்ததே கிடையாது. உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க இன்னும் குழம்பியது.

பாட்டு முடிந்தது. அவர் எழுந்து மண்டபத்துக்குப் போனார்.

"கேட்டேன்மா."

"சொன்னாளா?"

"சொன்னா. ஆடாட்டி பாட்டு இடிக்குமாம்."

"ம்."

"உங்களுக்கு இடிக்குமாம்மா?"

"இல்லியே."

"எனக்கும் இடிச்ச ஞாபகம் இல்ல. அப்ப அவ சொல்லுததுக்கு என்ன அர்த்தம்?"

"அவ சொன்னதுதாம்."

"நோயி இல்லங்கீங்க. அருளும் இல்லங்கீங்க."

"நான் எதுவுமே சொல்லலியே அண்ணாச்சி."

நயினார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரு ஒண்ணு சொல்லுதாரு. பேச்சிமுத்து ஒண்ணு சொல்லுதான். பழைய சாமி ஆடக் கூடாதுன்னாரு. இவ ஆடாட்டி இடிக்குங்கா. நாளைக்கு இன்னொருத்தன் வந்து எனக்கும் இடிக்குன்னு ஆடுவான். அவன் நெசமா ஆடுதானா, சும்மா ஆடுதானான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"நீங்க எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

"எம்பொறுப்புல்லாம்மா!"

தூரத்தில் திருப்பத்திலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. உலகம்மாள் துணிப்பையோடு மடத்து வாசலில் நின்றாள். பக்கத்தில் ஆவுடை. உலகம்மாள் ரோட்டைப் பார்க்காமல் மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நயினார் எழுந்தார். வாசலைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"அம்மா, பஸ் வந்திருச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டும் பாத்துட்டேன், அந்தப் பிள்ளைய எனக்குக் கொஞ்சங்கூடப் புரியல. புரியாத ஒருத்திய எப்படிம்மா உள்ள உக்கார வைக்க?"

வடிவம்மாள் சுருதிப்பெட்டியை மூடினார்.

"உங்களையே எனக்கு நாலு வருசமாப் புரியல அண்ணாச்சி. எந்திரிச்சுப் போகவா சொன்னேன்?"